நோம்பி மாதத்துக் கருப்பு

எடப்பாடியின் சாயக்காரர் வீதியில் சிவப்பையும் பச்சையையும் கண்ணால் பார்த்தார்கள். கருப்பை மட்டும் மூக்கால் அறிந்தார்கள். மற்ற சாயங்கள் கொதிக்கும்போது ஈரத்துணியின் வாசம்தான் வரும். சல்பர் பிளாக் என்று டின்னில் வரும் கருப்பைக் காய்ச்சினால் வீதி முழுக்க அழுகிய கூமுட்டை நாற்றம் அடிக்கும். எந்தப் பட்டறையில் கருப்பு ஓடுகிறது என்பதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தாலும் சொல்லிவிடலாம்.

பங்குனியில் நோம்பி என்னும் மாரியம்மன் திருவிழாவுக்காகக் கோயிலுக்கு முன்னால் கம்பம் நடுவார்கள். முக்கிளை விட்ட வேப்பமரத்தைத் தோலுரித்து, மஞ்சள் பூசி நட்டுவிட்டால் அன்றோடு வீதியில் கருப்பு நின்றுவிடும். நோம்பி முடிந்து கம்பத்தைப் பிடுங்கும் வரை யாரும் கருப்புத் தொட்டிக்கு அடுப்பு மூட்டக் கூடாது. அம்மனுக்குச் சாத்தும் சேலைக்கான சிவப்பு நூல் அந்த மாதத்தில்தான் நனையும். வருஷத்துக்கு ஒரு பட்டறை என்று முறை வைத்து நனைப்பார்கள். அந்த நூல் கொடியில் காயும்போது பக்கத்துக் காற்றில்கூடக் கருப்பு இருக்கக் கூடாது என்பது வீதியின் கட்டுப்பாடு.

எண்பத்தாறாம் வருஷம் அந்த முறை தங்கமுத்துவுக்கு வந்திருந்தது. கம்பம் நட்ட மறுவாரம் கூமுட்டை நாற்றம் கிளம்பியது. கிளம்பியது தங்கமுத்துவின் பட்டறைக்குப் பின்புறத்திலிருந்து.

முதலில் முகர்ந்தவள் அவன் மனைவி பொன்னாத்தாள். காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவள் சாம்பல் கையோடு மூக்கைப் பொத்திக்கொண்டு, கொல்லையில் கல் பலகை போட்டு மூடியிருந்த குழியருகே ஓடினாள். அங்கே அவளுடைய நாத்தனார் சௌந்திரம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“ஏனம்முணி, உன்ற குழியா இப்படி நாறுது?”

“ஆமாங்க நங்கை!” என்றாள் சௌந்திரம் அண்ணியிடம். “நல்லா மோந்து பாருங்க!”

“மோந்து பாக்கறதா? ஊட்டுல ஒறம்பறை சனம் வர்ற மாசம். இட்லிச் சட்டிய எறக்கினாக்கூட இந்த வாசந்தான் வரும்போல. இதுல இவளுக்குச் சிரிப்பு வேற!”

“உசுரோட இருக்குதுங்க நங்கை. மூச்சு உடுது. இது அதுக மூச்சுங்க.”

“அப்ப அதுகளுக்கு வாயிதான் சரியில்ல,” என்று சொல்லிவிட்டுப் பொன்னாத்தாள் உள்ளே போய்விட்டாள். ஆனால் போகும்போது வீதிப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள். மற்றவர்களுக்கும் மூக்கு உண்டு என்பது அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

சௌந்திரத்துக்கு அது நினைவே வரவில்லை. அவள் கோயமுத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் மனம் எடப்பாடியிலேயே இல்லை.

அது கம்சாத்காவில் இருந்தது. ருஷ்யாவின் கோடியில், ஆசியக் கண்டம் கிழக்கே நீண்டு, குளிர்ந்த கடலுக்குள் விரல் நீட்டுகிற இடம். பனியையும் அடுப்போரத்து நீண்ட இரவுகளையும் ஊர் நூலகத்து மொழிபெயர்ப்பு நாவல்களில் மட்டுமே பார்த்தவள் அவள். அந்தப் பனிக்கு நடுவில் பூமி கொதிக்கிறது என்று கேட்டபோது முதலில் நம்பவில்லை. எரிமலைகளின் மடியில் ஊற்றுகள். சுற்றிலும் வெள்ளை, நடுவில் சாம்பல் நிறச் சேறு, பொங்குகிற கூழைப்போலக் குமிழ் விட்டபடி. கையை விட்டால் தோல் கழன்றுவிடும். அந்தச் சேற்றுக்குள் காற்றே இல்லை. உயிர் இருப்பதற்கு ஒரு நியாயமும் இல்லாத அந்த இடத்தில் கோடிகோடியாக உயிர்கள் நிம்மதியாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

நாம் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்து மூச்சு விடுகிறோம். அவை உப்பிலிருக்கும் சல்பேட்டை இழுத்து, கூமுட்டை மணக்கும் வாயுவாக வெளியே விடுகின்றன. பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேருவதற்கு முன்பே இப்படி மூச்சு விட்ட உயிர்கள் இருந்திருக்க வேண்டும் என்று அவள் படித்திருந்தாள். அப்படியென்றால் நமக்கு உயிர் கொடுக்கும் காற்று அவற்றுக்கு நேற்று வந்த விஷம். அவை சண்டை போடவில்லை. கொதிக்கும் சேற்றுக்குள்ளும் இருட்டுக்குள்ளும் ஒதுங்கி, பழைய மூச்சையே விட்டுக்கொண்டு காத்திருந்தன. சௌந்திரம் நுண்ணோக்கிக் கண்ணாடியின் வழியே அவற்றைப் பார்க்கும்போதெல்லாம், வீட்டுக்கு வந்திருக்கும் மிகப் பெரியவர்களுக்கு முன்னால் நிற்பதுபோலத் தன்னை அறியாமல் நேராக உட்கார்ந்துகொள்வாள்.

அவளுடைய பேராசிரியருக்கு ஒரு ருஷ்ய நண்பர் இருந்தார். அவர் மூலம்தான் அந்தச் சேறு ரப்பர் அடைப்பு போட்ட பாட்டில்களில் வந்து சேர்ந்தது. வந்தது ஒரே ஒரு ஜாதி இல்லை. ஒரு கூட்டம். சில மாவுப்பொருளை உடைத்துப் புளிக்க வைக்கும். அப்படிப் புளித்ததைச் சல்பேட் மூச்சு விடுபவை தின்னும். அந்த வாயு பட்டால் சில சாயங்கள் நிறம் இழக்கும் என்பதும், தண்ணீரில் கரைந்த உலோகங்கள் கருப்பு வண்டலாகக் கீழே இறங்கிவிடும் என்பதும் தெரிந்ததுதான். சாதாரணக் குட்டைச் சேற்றிலும் இந்த வகை உயிர்கள் உண்டு. ஆனால் அவை சூடு தாங்காதவை.

சூடு என்ற சொல்லைக் கேட்டதும் சௌந்திரத்துக்கு அண்ணனுடைய பட்டறை நினைவுக்கு வந்தது. அங்கே சாயம் நூலில் ஏறுவதற்காகக் கொதிக்கும் தொட்டியில் கிளாபர் உப்பை அள்ளிக் கொட்டுவார்கள். கிளாபர் உப்பு சல்பேட்தான். பாவு நூலில் ஏற்றிய கஞ்சியைக் கழுவிய தண்ணீரும் அதே சாக்கடையில்தான் போகும். சூடு, சல்பேட், கஞ்சி. பிறந்த ஊரில்கூட இவற்றுக்கு இவ்வளவு நல்ல சாப்பாடு கிடைத்திருக்காது.

தங்கமுத்து ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. சாயக்காரர் வீதியின் தண்ணீர் ஓடையில் இறங்கிக் கீழே இருந்த காடுகளுக்கு, அதாவது விளைநிலங்களுக்குப் போயிற்று. அங்கே கிணறுகளில் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிட்டது. நோம்பி முடியட்டும், அதற்குப் பிறகும் சாயத்தண்ணீர் நிறத்தோடு வந்தால் ஓடையை மண் போட்டு அடைத்துவிடுவோம் என்று காட்டுக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஓடை அடைபட்டால் வீதியில் ஒரு தொட்டிகூடக் கொதிக்க முடியாது. அதனால் தங்கை வந்து குழி வேண்டும் என்று கேட்டபோது, “தோண்டிக்கோ சாமி. இதுக்கு மேல கெடறதுக்கு என்ன இருக்குது,” என்றான்.

அவள் வெந்நீர் ஊற்றிய பிளாஸ்க்குக்குள் பாட்டிலை வைத்து, சங்ககிரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து எடப்பாடி வந்தாள். அடுப்புக்குப் பின்னால் செங்கல் குழி கட்டி, காற்றுப் புகாமல் பலகை மூடி, களிமண்ணால் விளிம்பைப் பூசினாள். வாயு போவதற்கு ஒரு குழாய் வைத்து, அதன் நுனியை ஈரமான துருப்பிடித்த இரும்புத் தூள் நிரப்பிய டின்னுக்குள் விட்டாள். நாற்றம் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும் என்று கணக்கு. அங்கேதான் அவள் கணக்கு தப்பியது. குழிக்குள் இருந்தவை அவள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு சாப்பிட்டன, பல மடங்கு மூச்சு விட்டன.

இதற்கிடையில் கோயமுத்தூரிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஏறியும் இறங்கியும் ஆடிய மின்சாரத்தில் ஆய்வுக்கூடத்துச் சூட்டுப்பெட்டி கெட்டு, அங்கே மிச்சமிருந்த பாட்டில்கள் எல்லாம் கொதித்து வற்றிவிட்டன. மறுபடி கம்சாத்காவிலிருந்து வாங்குவது நடக்கிற காரியமா என்பது பேராசிரியருக்கே தெரியவில்லை. ஆக, அவள் கைக்கு எட்டிய உலகத்தில் அந்தக் கூட்டம் உயிரோடு இருந்த ஒரே இடம், எடப்பாடியில் ஒரு சாயப்பட்டறையின் கொல்லைக் குழி. விறகுக் கரியின் சூடும் பாவுக் கஞ்சியும் அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னிமலை என்ற பெரியவர் வந்தார். அவரோடு வீதிக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்தான் வீதியில் மூத்த சாயக்காரர், நோம்பிக் காரியங்களைப் பார்ப்பவர். அதோடு கருப்புச் சாயத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. குடைத்துணி வியாபாரிகள் ஈரோட்டிலிருந்து அவரைத் தேடித்தான் வருவார்கள். அவருடைய நகக்கண்கள் எப்போதும் கருப்பாகவே இருக்கும். நோம்பி மாதத்தில் மட்டும் எலுமிச்சம்பழம் தேய்த்து வெளுத்து வைத்திருப்பார்.

தங்கமுத்து அப்போது அம்மன் நூலுக்குச் சிவப்புத் தொட்டியில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தான்.

“தங்கமுத்து, சேப்புக் காய்ச்சறயாக்கு?”

“ஆமாங்க மாமா. அம்மன் நூலுங்க.”

“சேப்புக் காய்ச்சுனா ரோசாப்பூ மணக்கோணும்னு நான் சொல்லல. ஆனா கூமுட்டை மணக்கக் கூடாதல்லோ?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சென்னிமலை சிரிக்கவில்லை.

“மாமா, அது கருப்பு இல்லீங்க. சௌந்திரம் ஒரு குழி போட்டிருக்குதுங்க…”

“முப்பது வருசமா இந்த நாத்தத்துலதான் சோறு திங்கறேன். என்ற கல்யாணத்தன்னைக்கே மாமனாரு ஊட்டுல என்னைய மோந்து பாத்துட்டுத்தான் உள்ள உட்டாங்க. எனக்கே இது கருப்பில்லைங்கறயா?”

சௌந்திரம் கொல்லையிலிருந்து வந்தாள். “உங்க மூக்கு சரிதானுங்க மாமா. கருப்புச் சாயத்துல வர்ற அதே வாயுதானுங்க இது. ஆனா சாயத்துல இருந்து வரலீங்க. குழிக்குள்ள இருக்கற உசுருக உடுதுங்க.”

“என்ன உசுரு? எலியா?”

“கண்ணுக்குத் தெரியாத உசுருங்க மாமா. ருசியாவுல எரிமலைக்குப் பக்கத்துல கொதிக்கற ஊத்துல இருந்து வந்ததுங்க.”

கூட்டத்தில் ஒருவன், “ருசியாக்காரன் பூச்சிக்கு எடப்பாடியில என்னடா வேலை?” என்றான். “சாயத்தொட்டியில வேலை கேட்டு வந்திருக்கும்,” என்றான் இன்னொருவன். “கூலி பேசிட்டயா தங்கமுத்து?”

“பேசுனேன்,” என்றான் தங்கமுத்து கோபத்தோடு. “கஞ்சி ஊத்துனாப் போதும்னுது. உங்களாட்ட டீக்குக் காசு கேக்கல.”

சென்னிமலை கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். கொல்லைக்கு நடந்து போய், குழியிலிருந்து அப்போதுதான் வழிந்து மண்ணில் படிந்திருந்த வண்டலைக் குச்சியால் தொட்டுப் பார்த்தார். நல்ல ஈரக் கருப்பு. அதைப் பார்த்ததும் அவர் குரல் தணிந்துவிட்டது. அந்தத் தணிந்த குரலுக்குத்தான் வீதி பயப்படும்.

“அம்முணி, நீ படிச்ச புள்ளை. பொய் சொல்ற வம்சமில்ல உங்களுது. ஆனா நாத்தமும் கருப்பு, மண்ணும் கருப்பு. நாளைக்கு யாரூட்லயாவது ஒரு கொழந்தைக்கு அம்மை போட்டுதுன்னா, தங்கமுத்து கம்பம் நட்டப்பறம் கருப்பு ஓட்டுனான்னுதான் இந்த ஊரு பேசும். நானென்ன செய்யட்டும்? இந்தக் குழிய எறச்சுப்போட்டு, பிளீச்சிங் பவுடரும் சுண்ணாம்பும் கொட்டி மூடீரலாம். அம்மன் நூலை இன்னிக்கே வேற பட்டறைக்கு மாத்தீரலாம். சங்கடமில்லாமப் போயிரும்.”

தங்கமுத்துவின் அப்பா காலத்தில்கூட, முறை வந்த வருஷத்தில் அம்மன் நூல் வேறு பட்டறைக்குப் போனதில்லை. பொன்னாத்தாள் கதவோரமாக நின்று முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

சௌந்திரம் குழியைப் பார்த்தாள். பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரே ஒரு மூட்டை போதும். பூமிக்குக் காற்று வந்தபோதும் அழியாதவை, எரிமலைக்குள் வாழ்ந்தவை, இந்தக் கொல்லையில் ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துபோகும். அவற்றை யாரும் திரும்பிக் கொண்டுவர முடியாது. இவர்களிடம் எந்தச் சொல்லைச் சொன்னால் அது நம்பிக்கையாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆக்சிஜன், சல்பேட், நுண்ணுயிர் எல்லாமே அந்தக் கொல்லையில் வெறும் சத்தங்கள்.

“நான் சொல்றதை நம்ப வேண்டாமுங்க மாமா,” என்றாள். “உங்களுக்கு எதை நம்பத் தெரியுமோ அதை நம்புங்க. கருப்புச் சாயமா இல்லையான்னு நீங்க எப்படிப் பாப்பீங்க?”

சென்னிமலை அவளைக் கூர்ந்து பார்த்தார். “நூலுலதான் பாப்பேன். வேற எதுல பாப்பாங்க? என்ற கருப்பு தொட்டியில இருந்து வர்றப்பக் கருப்பா வராது. பாசி புடிச்சாப்பல பச்சையா வரும். புதுசா வர்றவன் சாயம் ஏறலீன்னு பயந்துக்குவான். கொடியில போட்டுக் காத்துப் பட்டாத்தான் கருக்கும். காத்துல பொறக்கற கருப்பு அது.”

சௌந்திரம் மூடிய குழியைத் திரும்பிப் பார்த்தாள். குழியின் அடியில் கிடப்பது தண்ணீரில் வந்த இரும்பும் கந்தகமும் சேர்ந்த வண்டல். காற்றில்லாத இடத்தில் மட்டும்தான் அது கருப்பு. காற்றுப் பட்டால் துருவாகிவிடும். சென்னிமலையின் கருப்புக்கு நேர் எதிர்.

“அப்படீன்னா ஒரு சிட்டம் நூலைக் குழிக்குள்ள உட்டுப் பாக்கலாமுங்க,” என்றாள். “ஆனா ரெண்டு பேச்சுங்க. குழிய நான் சொல்ற மாதிரிதான் தெறக்கோணும். சிட்டம் வெளிய வந்ததும் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. காயற வரைக்கும் பொறுக்கோணும்.”

“காயாத நூலுக்கு நிறம் சொல்றவன் சாயக்காரனே இல்ல,” என்றார் சென்னிமலை. “தெற.”

குழியைத் திறப்பதுதான் ஆபத்தான வேலை. உள்ளே புகும் காற்று கொஞ்சம் என்றாலும் அவற்றுக்கு அது விஷம். தொட்டியில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை முதலில் குழிக்குள் ஓடவிடச் சொன்னாள். ஆவி கிளம்பி வெளிக்காற்றைத் தள்ளி நிறுத்தட்டும் என்று எண்ணம். யாரும் குழிமேல் குனியக் கூடாது, அந்த வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், ஆள் விழுந்துவிடுவான் என்று எல்லோரையும் காற்று வரும் பக்கமாக நிறுத்தினாள். எகத்தாளமாகப் பேசியவர்கள்கூடச் சத்தமில்லாமல் நகர்ந்து நின்றார்கள்.

தங்கமுத்து பலகையை ஒரு சாண் நகர்த்தினான். ஆவியும் நாற்றமும் சேர்ந்து எழுந்தன. சென்னிமலை தானே ஒரு வெள்ளைச் சிட்டத்தை மூங்கில் கழியில் கோத்து, நின்றபடியே கையை நீட்டி அடிவரைக்கும் இறக்கி, இரண்டு முறை அழுத்திப் புரட்டினார். நூலைப் புரட்டும் விதத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. குற்றம் கண்டுபிடிக்க வந்த இடத்திலும் வேலை வேலைதான். கழியைத் தூக்கினார். பலகை உடனே மூடப்பட்டது. சௌந்திரம் ஈரக் களிமண்ணை அள்ளி அள்ளி விளிம்பில் அப்பினாள்.

சிட்டம் வெயிலில் தொங்கியது. அட்டைக் கருப்பு. நல்ல எருமையின் நடுமுதுகுக் கருப்பு.

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. தங்கமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு தொட்டிமேடையில் உட்கார்ந்துவிட்டான். “ஐயோ மாரியாத்தா,” என்றாள் பொன்னாத்தாள்.

“பச்சையா வரலீங்களே மாமா,” என்றாள் சௌந்திரம்.

“வரல,” என்றார் சென்னிமலை. அவர் கண் நூலை விட்டு நகரவில்லை. “அதுதான் எனக்கும் பிடிபடல. பேச்சுப் பேச்சுதான். காயட்டும்.”

காய்ந்தது. பங்குனி வெயில் யாருக்காகவும் அவசரப்படவும் இல்லை, தயங்கவும் இல்லை. யாரோ போய் டீ வாங்கி வந்தார்கள். அதை யார் யாருக்கு ஊற்றுவது என்று ஒரு சச்சரவு நடந்தது. சௌந்திரத்துக்குக் கொடுத்த டீ கையிலேயே ஆறியது. அவளுக்கு இரும்பு துருப்பிடிக்கும் என்று தெரியும். ஆனால் மிச்சம் மீதிச் சாயம் குழியில் என்னென்ன இருந்ததோ, அவற்றில் ஏதாவது ஒன்று நூலைப் பிடித்துக்கொண்டால்? ஆய்வுக்கூடத்தில் அவள் எத்தனையோ முறை கண்ணாடிக் குழாய்களுக்கு முன்னால் இப்படிக் காத்திருந்திருக்கிறாள். அங்கே தோற்றால் மறுபடி செய்யலாம்.

முதலில் பார்த்தவன் எகத்தாளம் பேசிய அந்த ஆள்தான். “மாமா, ஓரத்துல பாருங்க.”

சிட்டத்தின் வெளிநூல்களில் கருப்பு மங்கியிருந்தது. சாம்பல் பூத்ததுபோல. பிறகு அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு பழுப்பு எழுந்தது. காற்று எந்தப் பக்கம் அதிகம் பட்டதோ அந்தப் பக்கம் முதலில். மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே, நூல் நூலாகக் கருப்பு விலகிக்கொண்டே போயிற்று. சென்னிமலை எழுந்து போய்ச் சிட்டத்தை விரித்தார். உள்மடிப்பு இன்னும் கருப்பாகவே இருந்தது. அவர் விரித்துப் பிடித்திருக்கும்போதே, அவர் விரல்களுக்கு நடுவிலேயே, அதுவும் நிறம் மாறத் தொடங்கியது. கடைசியில் அவர் கையில் இருந்தது செம்மண் காட்டில் புரண்ட நூல். காவி.

அவர் ஒரு நூலைப் பிரித்து நாக்கில் வைத்துத் துப்பினார். “துரு,” என்றார்.

பிறகு யாரிடமும் என்றில்லாமல் பேசினார். “என்ற கருப்பு காத்துல பொறக்குது. இது காத்துல சாவுது. இப்படி ஒரு கருப்பு இருக்குதுன்னு இத்தனை வருசமா எனக்கு ஒருத்தனும் சொல்லலையே.” அவர் குரலில் கோபம் இல்லை. தன் தொழிலில் தனக்குத் தெரியாத ஓர் அறை இருந்திருக்கிறது, அதன் கதவு இன்றைக்குத் திறந்திருக்கிறது என்ற மலைப்புதான் இருந்தது. “காத்தே ஆகாதுன்னா அதுக எப்படி இருக்குதுக அம்முணி?”

“காத்து வர்றதுக்கு முன்னாலயே இருந்த வகைங்க மாமா.”

“காத்துக்கு முன்னாலயா?” அவர் மூடிய குழியைப் பார்த்தார். அந்தப் பார்வை சௌந்திரத்துக்குத் தெரிந்த பார்வை. கண்ணாடியின் வழியே முதல்முறை பார்த்தபோது அவளும் அப்படித்தான் பார்த்திருப்பாள். “அப்படீன்னா அதுக நம்மளைவிடப் பெரியவிய.”

“சேப்பைத் தின்னுச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க,” என்றான் கூட்டத்தில் ஒருவன். காட்டுக்காரர்களின் எச்சரிக்கை எல்லோர் மனதிலும் இருந்தது.

சௌந்திரம் குழியின் மேல்வாயில் தண்ணீர் வெளியேறும் குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தாள். இத்தனை நாளும் உள்ளே போனது ரத்தச் சிவப்பு. வெளியே வந்தது நீர்த்த மோருக்கு மேலே நிற்கும் தெளிவைப்போல இலேசான மஞ்சள். டம்ளரைத் தூக்கிப் பிடித்தபோது அதன் வழியே கோயில் கோபுரம் தெரிந்தது. டம்ளர் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லோரும் அதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள், முகர்ந்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள், மறுபடியும் பார்த்தார்கள்.

“குடிக்க ஆகாதுங்க,” என்றாள் அவள் அவசரமாக. “நெறந்தான் போயிருக்குது. உப்பு இருக்குது. நெறம் ஒடஞ்சு என்னவா ஆயிருக்குதுன்னு நான் இன்னும் பாக்கோணும். காட்டுக்கு உடறதுக்கு முன்னால இன்னும் நெம்ப வேலை இருக்குதுங்க. குழி இருந்தாத்தான் அந்த வேலைய நான் செய்ய முடியும்.”

சென்னிமலை காவியேறிய சிட்டத்தைத் தோளில் துண்டுபோலப் போட்டுக்கொண்டார். “குழி இருக்கட்டும்,” என்றார். “அம்மன் நூலு இங்கயேதான் நனையும். யாராவது கேட்டா என்னைய வந்து கேக்கச் சொல்லுங்க. தங்கமுத்து, ஏன் உக்கோந்துட்ட? தொட்டி ஆறுது பாரு. சேப்பைப் போடு.”

தங்கமுத்து எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு ஆவிமேல் பழி போட்டான். அம்மன் நூல் தொட்டியில் இறங்கியது. சிவப்புத் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் குழிக்குப் போயிற்று. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. சௌந்திரம் குழியருகே உட்கார்ந்து, பலகைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். நல்ல சூடு. திறந்ததில் எத்தனை செத்தன, எத்தனை மிஞ்சின என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் அடியாழத்தில் இருப்பவை பிழைத்திருக்கும். இதைவிடப் பெரிய காற்றை அவை பார்த்திருக்கின்றன.

பொழுது சாயும் நேரத்தில் சென்னிமலை மறுபடியும் வந்தார். இந்த முறை தனியாக வந்தார். கையில் மூடி போட்ட ஒரு பித்தளைத் தூக்குப்போசி. வாசலில் நின்று செருமினார். பொன்னாத்தாள் வெளியே வந்தாள்.

“தங்கமுத்து இல்லீங்களா?”

“நூலைக் கொடியில போட்டுட்டிருக்காருங்க. சொல்லுங்க மாமா.”

“அது வந்து…” அவர் தூக்குப்போசியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். “என்ற பட்டறைக்குப் பின்னால ஒரு பழைய குழி இருக்குதம்முணி. சும்மாதான் கெடக்குது. சௌந்திரத்துகிட்டச் சொல்லி உங்க குழியில இருந்து கொஞ்சம்… ஒரு சொம்பு… வாங்கிட்டுப் போலாமின்னு. சூடு ஆறாமக் கொண்டுபோயிருவேன். காத்துப் படாம மூடித்தான் கொண்டுபோவேன்.”

உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த சௌந்திரம் துள்ளி எழுந்தாள். இன்னொரு குழி. இனிமேல் இந்த ஒரு கொல்லை மட்டும் இல்லை. ஒன்று போனாலும் ஒன்று இருக்கும். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வருவதற்குள் பொன்னாத்தாள் பேசிவிட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க மாமா. வெள்ளிக்கெழமைங்க. வெளக்கும் வெச்சாச்சுங்க. இந்நேரத்துல ஊட்டுல இருந்து உறை எடுத்துக் குடுக்க மாட்டனுங்க.”

சௌந்திரம் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். உறை. பாலில் விடுகிற மோருக்கு வீட்டில் சொல்லும் சொல். அவள் அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. நுண்ணுயிர்க் கூட்டம், மாதிரி, வளர்ப்பு என்றெல்லாம் சொல்லி, சொல்லிய ஒவ்வொரு முறையும் நங்கையின் முகத்தில் மூக்கைப் பொத்தும் சுளிப்பைத்தான் பார்த்திருக்கிறாள்.

“ஏனுங்க நங்கை, குடுத்தா என்னங்க? அது ஒண்ணும் கொறையாதுங்க…”

“நீ சும்மா இரு அம்முணி. உனக்குப் படிப்புத் தெரியும், இதெல்லாம் தெரியாது. வெள்ளிக்கெழமை வெளக்கு வெச்சப்பறம் உறைய வெளிய உட்டா, ஊட்டுல இருக்கறது தங்குமா?” பொன்னாத்தாள் சென்னிமலையைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். “நாளைக்குக் காலையில வாங்க மாமா. நானே மோந்து ஊத்தறனுங்க.”

சென்னிமலை வாதாடவில்லை. அவர் வீட்டிலும் விளக்கு வைத்தபிறகு உறை வெளியே போகாது. “என்ற தப்புத்தான். கெழமை பாக்காம வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டுக் காலித் தூக்குப்போசியோடு படியிறங்கினார்.

வீதியில் கொஞ்ச தூரம் போனவர் நின்று திரும்பிக் கேட்டார்: “அம்முணி, என்ற பழைய குழியச் சுடுதண்ணி ஊத்திக் கழுவி வெக்கோணுமா, சும்மா உட்டா ஆவுமா?”